என் மகளை வைத்து ஆராய்ச்சியாம்

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே காற்று. சுரங்கப் பக்கமிருந்து மண். மூக்கு, காது, மீசை எல்லாம் பழுப்பு. நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்கூடம். கயல் பையில் ஒரு சீட்டு வந்திருந்தது: பெற்றோரில் ஒருவர் வந்து தமிழ் டீச்சரைப் பார்க்கவும்.

முதலில் அவமானத்தை எழுதித் தொலைத்துவிடுகிறேன். ஹெச்.எம். அறை வாசலில் ஒரு பெஞ்சு. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. உட்கார்ந்ததுதான் தெரியும். கண்ணைத் திறந்தால் எதிரே மூன்றாம் வகுப்பு மொத்தமும் வரிசையில், வாயைப் பொத்திக்கொண்டு. பெருக்கும் அம்மா தோளைத் தட்டி, "எழுந்திருங்க சார். குறட்டை உள்ள வரைக்கும் கேக்குதாம். ஹெச்.எம். மேடம் எழுப்பச் சொன்னாங்க" என்கிறாள். கயல் மாடி ஜன்னலில் நின்று எல்லாம் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் வரை என்னிடம் பேசவில்லை. அவள் பேசுவதற்கும் பேசாததற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, அது வேறு விஷயம்.

தமிழ் டீச்சர் பெயர் ஷமீமா. சின்ன வயசு. தினம் நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்.

"கயல் அப்பா, அவளுக்கு வாசிக்க நல்லா தெரியுது. எழுத்துல பிழையே இல்ல. ஆனா எழுந்து வாசின்னா உதடு மட்டும் அசையுது. முன் பெஞ்சுக்கே கேக்கல."

"வெக்கங்க டீச்சர். அவங்கம்மா மாதிரி." (சுமதி கேட்டிருந்தால் தெரியும் சேதி.)

"அவ மட்டும் இல்லீங்க. ஏழாம் வகுப்பு ஏ பிரிவுல ஆறு பேரு இப்படி. வாய்மொழித் தேர்வுல ஆறு பேருக்கும் முட்டை. அதனால மெல்லக் கற்போர் பட்டியல்ல சேத்துட்டாங்க. காலாண்டுக்குள்ள மாறலன்னா சி பிரிவுக்கு அனுப்பிடுவாங்க. அதுக்கு முன்னால இந்த ஆறு பேர வச்சி நான் ஒரு செயலாராய்ச்சி பண்றன். உங்க சம்மதம் வேணும்."

செல்வராசு என்று கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. கண்ணில் தூக்கம். "ரொம்ப சந்தோஷங்க" என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகுதான் காதில் விழுந்தது. ஆராய்ச்சி! என் பெண்ணை வைத்து! எங்கள் குவார்ட்டர்ஸ் வட்டத்துக்குள் நுழைவதற்குள் கொதித்துவிட்டது. எனக்கு எப்போதும் இப்படித்தான். கையெழுத்து முதலில், கோபம் அப்புறம்.

சி பிரிவு என்றால் என்ன என்று இந்த டவுன்ஷிப்பில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். போன பிள்ளை ஏ பிரிவுக்குத் திரும்பி வந்து நான் கேள்விப்பட்டதில்லை.


ஜூலை 15, செவ்வாய்

வெயில். பகலில் தூக்கம் சரியில்லை. காரணம் கோபம்.

சாயங்காலம் கயலைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். வாசித்தாள். டி.வி.யை மியூட்டில் போட்ட மாதிரி.

"சத்தமாம்மா."

தலையாட்டினாள். மறுபடி மியூட்.

"ஏம்மா வாசிக்க மாட்டேங்குற?"

"வாசிச்சிகினுதாம்பா இருக்கன்." குனிந்து காதைக் கொடுத்ததால் கேட்டது.

அடுப்படியிலிருந்து சுமதி: "அதும் மேல எரிஞ்சி உழாதீங்க. நீங்க வாத்தியார் முன்னால வாசிச்சி கிழிச்ச கதையெல்லாம் எனக்குத் தெரியும்."

நியாயம்தான். பத்தாவது தமிழில் நான் பாஸானது, பேப்பர் திருத்தியவர் நல்ல மனுஷன் என்பதால். ஐ.டி.ஐ.யில் ஒரு பேப்பர் இன்னும் பாக்கி. இந்த ஜென்மத்தில் எழுதப் போவதில்லை. ஆனால் என்னை வைத்து யாரும் ஆராய்ச்சி செய்யவில்லையே. வாத்தியார் அடித்தார், நான் அழுதேன், கணக்கு நேர்.

டூட்டி பஸ்ஸில் பாலு. அவனும் சுரங்கத்தில் கரி ஓடுகிற பெல்ட் செக்ஷன்தான், என் ஷிப்ட். அவன் பையன் நவீன் அந்த ஆறில் ஒருத்தன்.

"என்னாண்ணே, கையெழுத்து போட்டுட்டியா?"

"போட்டுட்டன். நீ?"

"நானும் போட்டுட்டன்."

"படிச்சி பாத்தியா?"

"நீ போட்டிருந்த. நீ படிச்சிருப்பன்னு போட்டன்."

படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வம்சம், இரண்டு பேரும். பிறகு அவனே கேட்டான். "ஆராய்ச்சின்னா இந்த எலிக்கு ஊசி போட்டு பாப்பாங்களே, அதானே?"

பஸ் மெயின்கேட் போவதற்குள் டீச்சரிடம் கேட்கவேண்டியதை முடிவு செய்தோம்:

பாடம் நடத்த அனுப்பினால் எதற்கு ஆராய்ச்சி?

ஆராய்ச்சி தோற்றால் டீச்சருக்கு என்ன ஆகும், பிள்ளைக்கு என்ன ஆகும்?

ஆபீசர் பிள்ளைகள் யாராவது அந்த ஆறில் உண்டா?

நடத்தத் தெரியாதவர்கள்தான் ஆராய்ச்சி செய்வார்களா? (இது பாலு சேர்த்தது. நல்ல கேள்வி. கேட்க மாட்டோம் என்று இருவருக்குமே தெரியும்.)


ஜூலை 17, வியாழன்

போனேன். பாலுவும் கூட வந்தான். பள்ளிக்கூட கேட் பக்கத்தில் வந்ததும் அவனுக்குக் காஸ் சிலிண்டர் ஞாபகம் வந்துவிட்டது. தனியாக உள்ளே.

இன்டர்வெல். ஆசிரியர் அறை ஜன்னலோரம் காத்திருந்தேன். நின்றுகொண்டுதான். உள்ளே பேச்சு. ஒட்டுக் கேட்கவில்லை, கேட்டது. கணக்கு வாத்தியார் முருகையன் சார் குரல் தனியாகத் தெரியும். ரிட்டயர்மென்ட் நெருங்கிவிட்டது, குரல் மட்டும் குறையவில்லை.

"ஏம்மா ஷமீமா, எதுக்கு இவ்ளோ அலட்டிக்கிற? முன்னால ஒரு டெஸ்ட்டு, பின்னால ஒரு டெஸ்ட்டு, நடுவுல ஏதோ ஒரு உத்தி. முன்னால முப்பது மார்க்கு, பின்னால எழுபது மார்க்கு. முடிஞ்சிது செயலாராய்ச்சி. என்கிட்ட பழைய ஃபைல் கெடக்குது, எடுத்து அட்டைய மாத்திக்க."

"அந்தப் பசங்க மாறினாங்களா சார்?"

"எந்தப் பசங்க?"

உள்ளே ஒரே சிரிப்பு. எனக்கு ரத்தம் சூடு.

அறிவியல் டீச்சர் குரல்: "சார் சொல்றதுல தப்பில்லம்மா. காலையில ஆப்ல அட்டெண்டன்ஸ், மதியம் சாப்பாட்டுக் கணக்கு, சாயங்காலம் ஸ்காலர்ஷிப் பதிவு. இதுக்கு நடுவுல நான் பாடம் நடத்தறதே பெரிய ஆராய்ச்சி. நல்ல விஷயம்தான், யாரு இல்லங்கறா. நேரம் எங்க?"

ஹெச்.எம். மேடம்: "மேல கேக்கறது ஃபைலு. ஒரு காரணம், ஒரு தீர்வு, ரெண்டு போட்டோ. நீ என்னமோ வைத்தியர் மாதிரி நாடி புடிச்சிகினு இருக்க."

அப்புறம் ஷமீமா டீச்சர், கொஞ்சம் தயங்கி: "எனக்கு ஃபைல் பத்தி இல்லீங்க மேடம். இந்த ஆறு பேரும் ஏன் வாய் திறக்கலன்னு எனக்கு நெஜமாவே தெரியல. போன வருஷம் பூரா 'சத்தமா வாசி, சத்தமா வாசி'ன்னு நானும் கத்திப் பாத்துட்டன். நான் நடத்தறதுல தப்பா, வேற எங்கயாவதான்னு பாக்கணும்."

முருகையன் சார்: "தெரியலன்னு வெளிய சொல்லாத. பேரண்ட்ஸ் காதுல உழுந்துது, தொலைஞ்ச."

பேரண்ட்ஸ் காது ஜன்னலோரம்தான் இருந்தது.

கோபத்தோடு போனவன் நான். இப்போது அந்தக் கோபத்தை யார் மேல் இறக்குவது என்று தெரியவில்லை. எலிக்கு ஊசி போடுகிறவள் என்று நினைத்தவள் ஒருத்திதான் அந்த அறையில் எலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மற்றவர்களுக்கு அட்டை. என் பெண் முப்பதிலிருந்து எழுபது ஆகிவிடுவாளாம், அவர்களுடைய பேனாவில். அப்புறம் சி பிரிவுக்கும் போய்விடுவாள்.

டீச்சர் வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டார். கேள்வி எல்லாம் மறந்துபோச்சு. கேட்டது அவர்தான்.

"கயல் அப்பா, வீட்ல அவ சத்தம் போட்டா என்ன பண்ணுவீங்க?"

"நாங்க அடிக்கறதே இல்லீங்க டீச்சர். கை நீட்டினதே கெடையாது."

"அடிக்கறத கேக்கலீங்க. சத்தம் போட்டா?"

"போடாதுங்க. எங்க வூடு ரொம்ப அமைதியான வூடு." நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

"இந்த வாரம் உங்களுக்கு என்ன ஷிப்ட்டு?"

"நைட்டுங்க."

டீச்சர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். வீடு வந்து சேரும்வரை எனக்கு அந்தத் தலையாட்டல் மேல் கோபம். ஒருத்தர் தலையாட்டினால் இவ்வளவு கோபம் வருமா?


ஜூலை 19, சனி

பள்ளிக்கூடம் லீவு. எனக்கு நைட் முடிந்து வந்து படுக்கை. தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். என் வீட்டில் என்னதான் நடக்கிறது என்று.

ஒன்றும் நடக்கவில்லை. அதாவது ஒன்றும் கேட்கவில்லை.

சுமதி சோறு வடிக்கிறாள், பானையில். குக்கர் இருக்கிறது. நைட் வாரத்தில் விசில் வருமென்று எடுப்பதில்லை. இத்தனை நாள் எனக்கு இது தெரியாது, பானைச் சோறு ருசி என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன். டம்ளர்களைத் துண்டு விரித்து அதன் மேல் கவிழ்க்கிறாள். தாழ்ப்பாளில் துணி சுற்றியிருக்கிறது. கீரைக்கார அம்மா எங்கள் தெருவில் கூவுவதில்லை, கேட்டில் விரலால் இரண்டு தட்டு. எல்லா வீட்டிலும் யாரோ ஒருத்தன் தூங்குகிறான்.

பக்கத்துத் தெரு தோழி ஒருத்தி கயலைத் தேடி வந்தாள். கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தேன். இருவரும் கூடத்தில் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். நிஜமான சண்டை. கை வீசுகிறது, முகம் சிவக்கிறது, கயல் பென்சிலைப் பிடுங்குகிறாள். சத்தம் மட்டும் இல்லை. உதட்டைப் பார்த்தே ஒருத்திக்கு ஒருத்தி பதில் சொல்கிறார்கள். ஜெயித்தது கயல் என்று நினைக்கிறேன்.

கதவை மூடிவிட்டுப் படுத்தேன். தூக்கம் எங்கே?

சரி, இதில் என் குற்றம் என்ன? ராத்திரி முழுக்கப் பெல்ட் ஓரம் நிற்கிறவன் பகலில் தூங்க வேண்டாமா? தூங்காமல் போய் நின்றால் கை போகும். போன பிறகு 'அமைதியான வூடு' என்று யார் சோறு போடுவார்கள்? பதினோரு வருஷம் காண்ட்ராக்டில் இருந்தபோது தகர ஷெட்டில் குடியிருந்தோம், பக்கத்தில் மாவு மில். தூக்கம் கிடையாது. பெர்மனென்ட் ஆகி குவார்ட்டர்ஸ் வந்ததே இந்த அமைதிக்காகத்தான். நான் ஒரு நாளும் 'சத்தம் போடாதே' என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை.

இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் டீச்சர் மேல்தான் கோபம்.


ஜூலை 22, செவ்வாய்

ஃபர்ஸ்ட் ஷிப்ட். பெல்ட்டில் ரோலர் ஒன்று ஜாம், கிரீஸ் சட்டை பூரா. இரண்டு மணிக்கு டூட்டி விட்டதும் பாலுவோடு பள்ளிக்கூட வேலியோரம். அங்கே என்ன நடக்கிறது என்று பாலு பையன் சொன்னானாம், பாலுவாலேயே நம்ப முடியவில்லை.

கடைசிப் பீரியட். ஆறு பிள்ளைகளும் மைதானத்தில். ஒருத்தர் கோல்போஸ்ட் அடியில் புத்தகத்தோடு நின்று வாசிக்க வேண்டும். டீச்சர் எதிரே நின்று கேட்டுக்கொண்டே பின்னால் பின்னால் நடக்கிறார். கேட்கும்வரை நடை. கேட்காத இடத்தில் நின்று ஒரு செங்கல் வைக்கிறார். அது அந்தப் பிள்ளையின் செங்கல். நாளைக்கு அதைத் தாண்ட வேண்டும். யாரையும் யாரும் 'சத்தமா' என்று சொல்வதில்லை. செங்கல்தான் சொல்கிறது.

நவீன் வாசித்தான். செங்கல் நடுக்கோட்டுப் பக்கம். பாலு வேலியைப் பிடித்துக்கொண்டு குதித்தான்.

கயல் வந்தாள். வாசித்தாள். டீச்சர் நாலு எட்டு நடந்தார், நின்றார், குனிந்தார். செங்கல். ஆறிலும் கிட்டத்தில் இருந்தது என் பெண்ணுடையதுதான்.

"காத்து எதிர்க்காத்துடா" என்றேன். "நவீன் வாசிக்கும்போது காத்தே அடிக்கல. அநியாயம்."

"அண்ணே, இலை ஆடவே இல்ல பாரு."

இவனெல்லாம் ஒரு சிநேகிதன்.

சாப்பிடும்போது கயலே வாயைத் திறந்தாள். "அப்பா, வூட்ல எப்ப சத்தமா பேசலாம்னு டீச்சர் கேட்டாங்க. எங்கப்பா நைட் ஷிப்ட்டுல இல்லாதப்பன்னு சொன்னன். ஆறு பேரும் அதேதாம்பா சொன்னாங்க. முன்னாடியே பேசி வச்சிக்கல."

"அப்ப இந்த வாரம் நான் நைட் இல்லியே. பேசலாமில்ல?"

"பழகிடுச்சிப்பா" என்றாள், ரசத்தை ஊற்றிக்கொண்டு. குறை சொல்கிற மாதிரி இல்லை. உப்பு போதும் என்பது மாதிரி.


ஜூலை 24, வியாழன்

மழை வருகிற மாதிரி காட்டி ஏமாற்றியது. புழுக்கம்.

நல்ல சேதி: கயல் செங்கல் பெனால்டி கட்டத்தைத் தாண்டிவிட்டது. அவளே சொன்னாள். காதைக் கிட்டே கொண்டுபோகாமலே கேட்டது.

மற்றது: ஹெச்.எம். மேடம் மைதானத்துக்கே வந்துவிட்டார். மற்ற வகுப்புக்குத் தொந்தரவாம். பிள்ளைகள் முன்னாலேயே டீச்சரிடம்: "காரணம் என்னான்னு எழுதப் போற? அப்பா தூங்கறாருன்னா? எல்லா வருஷமும் எழுதறதையே எழுது. பெற்றோரின் கல்வியறிவின்மை மற்றும் அக்கறையின்மை. வெள்ளிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங்ல முடிச்சிட்டு இந்த மைதானத்தோட நிறுத்திக்க."

கயல் இதை அப்படியே சொன்னாள், 'மற்றும்' உட்பட.

அக்கறையின்மை!

சாதிச் சான்று, வருமானச் சான்று வாங்க லீவு போட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவன் யார்? அவள் டைபாய்டில் கிடந்தபோது டபுள் டூட்டி முடித்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தவன் யார்? மழையில் ரெயின்கோட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு நனைந்து போனவன்? அறிவியல் கண்காட்சிக்குச் சுரங்கம் மாதிரி செய்கிறேன் என்று வீடு பூராக் கரி ஆக்கியவன்? (அது பரிசு வாங்கவில்லை. பெல்ட் ஓடவில்லை. பெல்ட் ஆபரேட்டர் செய்த பெல்ட்!)

எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் என்று கேட்டால் எனக்குத் தெரியாதுதான். ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இந்தப் பேரா? எல்லா வருஷமும் எழுதுவார்களாம்! அப்படியென்றால் வருஷா வருஷம் என்னை மாதிரி எவனோ ஒரு செல்வராசு அக்கறையில்லாதவன் என்று ஃபைலில் ஏறி மேலே போயிருக்கிறான். அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ளக் கூப்பிடவும் மாட்டார்கள்.

சுமதி: "இங்க கத்தி என்னா ஆவப்போவுது? நாளைக்கு அங்க போயி பேசுங்க."

"பேசறன்."

"பேசுவீங்க. பெஞ்சுல உக்காந்தா தூங்கிடுவீங்க."


ஜூலை 25, வெள்ளி

இன்று ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு மீட்டிங். வெள்ளைச் சட்டை. தூங்கவில்லை.

ஏழாம் வகுப்பு அறை. பெற்றோர் நிறைய. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள், அவர்கள் ஜன்னலில். ஷமீமா டீச்சர் முன்னால் நின்று பேசினார். ஒரு பெயரும் சொல்லவில்லை. மாணவன் ஒன்று, மாணவி இரண்டு என்றுதான். மாணவி நான்கின் வீட்டில் அப்பா நைட் ஷிப்டில் இருக்கும் வாரம் குக்கர்கூட வைப்பதில்லை என்றார். எனக்குக் காது சுட்டது. ஆறு பிள்ளைகளும் ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகள், வாசிக்கத் தெரியாதவர்கள் இல்லை, சத்தம் போடாமல் வளர்ந்தவர்கள் என்றார்.

பின்னாலிருந்து ஒருத்தர் எகிறினார். "அப்ப நாங்க தூங்கக் கூடாதுன்றீங்களா?"

இன்னொருத்தர்: "கம்பெனியில போயி சொல்லுங்க டீச்சர், நைட் ஷிப்ட்ட எடுத்துடச் சொல்லி."

"உங்க தூக்கத்த நான் குத்தம் சொல்லலீங்க. நீங்க தூங்கித்தான் ஆவணும். வீட்ல குடுக்க முடியாதத பள்ளிக்கூடத்துல குடுக்கலாம்னு சொல்றன். கடைசி பீரியட் மைதானம் வேணும், அவ்ளோதான்."

ஹெச்.எம். மேடம் எழுந்தார். "இது நம்பற மாதிரியா இருக்கு? சரி, பொதுவுல கேக்கறன். இது எங்க வீட்ல நடக்கற விஷயம்தான்னு பேரண்ட்ஸ் யாராவது சொல்லட்டும், மைதானத்த தரன். இல்லன்னா வழக்கமான காரணத்த எழுதி இன்னியோட முடிச்சிடலாம். பட்டியல்ல இருக்கற பசங்க காலாண்டுக்கு அப்புறம் சி பிரிவு."

பாலு ஃபேனைப் பார்த்தான். ஃபேன் ஓடவில்லை.

நான் எழுந்தது எனக்கே தெரியவில்லை. பெஞ்சு சாய்ந்து விழுந்ததால்தான் எழுந்துவிட்டேன் என்று புரிந்தது.

"அந்த நாலாவது பொண்ணு எம் பொண்ணுதாங்க. கயல்விழி. அது என் வூடுதான். குக்கர் மட்டும் இல்லீங்க, தாழ்ப்பாளுக்குத் துணி சுத்தி வச்சிருக்கோம். டம்ளருக்கு துண்டு விரிச்சிருக்கோம். எங்க வூட்ல பல்லிகூட யோசிச்சிதான் கத்தும். ஆனா அக்கறை இல்லன்னு மட்டும் எழுதாதீங்க மேடம். அந்தக் கொழந்த எனக்காக வாய மூடிகினு இருந்திச்சி. அத அக்கறை இல்லன்னு எப்படி எழுதுவீங்க?"

முதலில் சிரிப்பு, பல்லிக்கு. அப்புறம் இல்லை. பாலு ஃபேனிடமிருந்து இறங்கி வந்தான். "என் வூடும்தாங்க. மூணாம் நம்பர் என் பையன்." பின்வரிசையில் ஒரு அம்மா: "எங்க வூட்ல நாய்கூட வாலத்தான் ஆட்டும்." மறுபடி சிரிப்பு. எகிறிய ஆளும் சிரித்தார்.

முருகையன் சார் மட்டும், "இதுக்கு எதுக்குய்யா ஆராய்ச்சி? கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க" என்றார்.

"நீங்க கேக்கலியே சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். ஹெச்.எம். மேடம், "சரி, காலாண்டு வரைக்கும் பண்ணட்டும், பாக்கலாம்" என்றார். தோற்ற முகம் இல்லை. ஃபைலுக்குப் புதுக் காரணம் கிடைத்த முகம்.

டீச்சர் மட்டும் என்னைப் பார்த்த பார்வை ஒரு மாதிரி. நன்றி என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அது நன்றி மட்டும் இல்லை.

வரும் வழியில் ஜிலேபி. ராஜநடை. வீட்டில் நுழைந்தால் கயல் சீருடையைக்கூட மாற்றவில்லை, கூடத்து நடுவில் நின்றிருந்தாள். கண் சிவந்து.

"நீ எதுக்குப்பா எழுந்த?"

"உனக்காகத்தாம்மா..."

"டீச்சர் நாலுன்னுதான சொன்னாங்க? பேரு சொன்னாங்களா? ஆறு பேர்ல யாருன்னு யாருக்கும் தெரியாது! எங்க பேர சொல்ல மாட்டன்னு டீச்சர் எங்களுக்கு சத்தியம் பண்ணாங்க! அவங்க காப்பாத்தினாங்க, நீ கெடுத்துட்ட! எல்லாரும் ஜன்னல்லதான் இருந்தாங்க! இப்ப நான் கிளாஸ்ல குக்கரு! நவீன் மூணாம் நம்பரு! திங்கக்கிழமை நான் எப்படிப் போவன்? நான் கேட்டனா உன்ன? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. முருகையன் சாரை மடக்கிய அதே வார்த்தை. என் பெண் என்னைக் கேட்டாள், நியாயமாக.

ஜிலேபிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் நிறுத்தவில்லை. டீச்சர் காப்பாற்றியதும் நான் உடைத்ததும் மறுபடி மறுபடி. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. எதிர் வீட்டில் நைட் டூட்டிக்காரர், அவர் வீட்டு ஜன்னல் திறந்தது. சுமதி கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தாள். "ஏய், எதிர் வூட்ல தூங்கறாங்கடி! மெதுவா!"

சுமதி கையைப் பிடித்து நிறுத்தினேன். கயலிடம், "தப்புதாம்மா. நான் உன்னக் கேட்டிருக்கணும்" என்றேன். அது உண்மை. திங்கட்கிழமை டீச்சரிடமும் போய்ச் சொல்ல வேண்டும்.

அவள் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கு இன்றுதான் தெரியும். கொஞ்சம் கரகரப்பு, என் அக்கா குரல் மாதிரி. நாக்கு நுனி வரை வந்துவிட்டது, விழுங்கிவிட்டேன்: நிறுத்தாதடி கண்ணு, இன்னும் கொஞ்சம் கத்து.